ஸன்ரிகுக் கரை: பார்க்க வேண்டியவையும் படிக்க வேண்டியவையும்

ஜப்பானுக்குச் செல்லும் பிரயாணிகளில் பெரும்பாலோர் டோக்கியோவின் கடைவீதிகளையும், கியோட்டோவின் கோயில்களையும், பூஜி மலையையும் கண்டு, "ஜப்பானைப் பார்த்தாகிவிட்டது" என்று திருப்தியோடு திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பத்து நாள் விடுமுறையில் வேறென்ன செய்ய இயலும்? ஆயினும், கையில் இன்னும் ஒரு வார அவகாசமும், மெதுவாகச் செல்லும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் பொறுமையும் உடையவர்களுக்கு, அந்நாட்டின் வடகிழக்கில் ஒரு கடற்கரை காத்திருக்கிறது. அதற்கு ஸன்ரிகு என்று பெயர்.

"ஸன்" என்றால் மூன்று; "ரிகு" என்றால் நிலம். 1869-ஆம் ஆண்டில் மெய்ஜி சர்க்கார் வடபகுதியைப் புதிதாகப் பிரித்தபோது உண்டான மூன்று நாடுகளின் பெயரிலும் இந்த "ரிகு" என்னும் எழுத்து இருந்தது. அதனால் வந்த பெயர் இது. இன்றைய கணக்கில் அவ்வோமோரி, இவாத்தே, மியாகி என்னும் மூன்று மாகாணங்களின் கீழைக் கரை என்று கொள்ளலாம்.

இக்கரையின் வடபாதியில் செங்குத்தான பாறைகள் கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கின்றன. தென்பாதியிலோ, பண்டைய நதிப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து, விரித்த கைவிரல்களின் இடுக்குகளைப் போல எண்ணற்ற குடாக்களை உண்டாக்கியிருக்கிறது. கரைக்கு அப்பால், தெற்கிலிருந்து வரும் வெந்நீரோட்டமும் வடக்கிலிருந்து வரும் தண்ணீரோட்டமும் சந்திக்கின்றன. அத்தகைய இடத்தில் மீன் வளம் மிகுதி என்பது நேயர்கள் அறிந்ததே. குடாக்களில் சிப்பியும் கடற்பாசியும் பயிர்போல வளர்க்கப்படுகின்றன. புயற்காற்றுக்குப் படகுகள் ஒதுங்க இவற்றைவிடச் சிறந்த இடம் இல்லை.

ஆனால், காற்றைத் தடுக்கும் அதே குடா, கடலடியில் பூகம்பம் நிகழ்ந்தால் வேறு விதமாக வேலை செய்கிறது. பரந்த வாயின் வழியே நுழையும் வெள்ளம், உள்ளே செல்லச் செல்ல இடம் குறுகுவதால் மேலே எழும்புகிறது. ஜப்பானியர் இதற்கு இட்ட பெயரே சுனாமி. துறைமுக அலை என்பது அதன் பொருள்.

1896 ஜூன் 15-ந் தேதி மாலை, ஆண் குழந்தைகளுக்குரிய பண்டிகையை மக்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது பூமி இலேசாக அதிர்ந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு வந்த அலையில் சுமார் 22,000 பேர் மாண்டனர். 1933 மார்ச் 3-ந் தேதி விடியுமுன் வந்த அலையில் சுமார் 3,000 பேர். 1960 மே மாதத்தில், பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையிலுள்ள சிலி நாட்டில் பிறந்த அலை ஏறக்குறைய ஒரு நாள் பிரயாணம் செய்து வந்து இக்கரையைத் தாக்கியது. கடைசியாக, 2011 மார்ச் 11-ந் தேதி பிற்பகல் 2-46 மணிக்கு 9.0 அளவுள்ள பூகம்பம். அதன் அலையால் வடகிழக்கு ஜப்பானில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 18,000-க்கு மேல்.

இத்தகைய இடத்துக்கு உல்லாசப் பிரயாணம் போவது தகுமா என்று சிலர் கேட்கலாம். தகும் என்பது மட்டுமல்ல, வாருங்கள் என்று அக்கரையின் மக்களே அழைக்கிறார்கள். 2013-ஆம் ஆண்டில் அங்கே ஒரு தேசியப் பூங்காவை விஸ்தரித்தபோது, அதன் பெயரிலேயே புனர்நிர்மாணம் என்று பொருள்படும் "புக்கோ" என்ற சொல்லைச் சேர்த்தார்கள். 2019-ல் ஹச்சினோஹே நகரத்திலிருந்து தெற்கே புகுஷிமா மாகாணத்து ஸோமா வரை, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை முழுவதும் திறக்கப்பட்டது. ஆகவே தயக்கமின்றிப் புறப்படலாம். வடக்கிலிருந்து தெற்காக வருவது சௌகரியம்.

பறவைத் தீவும் சிறு ரயிலும்

டோக்கியோவிலிருந்து ஷிங்கான்ஸென் அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்தில் ஹச்சினோஹேயை அடையலாம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஸாமே என்னும் ஸ்டேஷனில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் கபுஷிமா. ஒரு காலத்தில் தீவு. இப்போது கரையோடு இணைந்த குன்று. உச்சியில் ஒரு சிறு கோயில். வசந்த காலத்தில் பல்லாயிரக்கணக்கான கடற்காக்கைகள் இங்கே வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, ஆகஸ்டு மாதத்தில் பறந்து போய்விடுகின்றன. பூனையைப்போல் கத்துவதால் இவற்றுக்குக் "கடற்பூனை" என்று பெயர். படியேறுகிறவர்களுக்குக் கோயிலில் குடை இரவல் கொடுப்பார்கள். மழைக்காக அல்ல என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2015-ல் தீக்கிரையான இக்கோயில் 2020-ல் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. இதற்குத் தெற்கேயுள்ள தனேஸாஷிக் கரையில், இயற்கையான பசும்புல்வெளி அலை மோதும் பாறை வரைக்கும் இறங்கிச் செல்வது ஓர் அபூர்வக் காட்சி.

அதே ரயில் குஜி நகரத்தில் முடிகிறது. இங்கே கோஸோதே என்னும் சிற்றூரில், மூச்சடக்கிக் கடலில் மூழ்கி, முட்களால் மூடிய "உனி" என்ற கடற்பிராணியை எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 2013-ல் ஜப்பானிய வானொலி ஸ்தாபனமான என்.எச்.கே. தன் டெலிவிஷனில் நாள்தோறும் காலையில் ஒளிபரப்பிய "அமாச்சான்" என்ற தொடர் நாடகம் இவர்களை நாடறியச் செய்தது. கோடைக் காலத்தில் பிரயாணிகளுக்கு முன்னால் மூழ்கிக் காட்டுகிறார்கள்.

குஜியிலிருந்துதான் ஸன்ரிகு ரயில்வே தொடங்குகிறது. 163 கிலோமீட்டர் நீளம். பெரும்பாலும் ஒற்றை வண்டி அல்லது இரட்டை வண்டி. முழுத் தூரத்தையும் கடக்க நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். உயரமான பாலங்களில், கடலைப் பார்ப்பதற்கென்றே சில வண்டிகளைச் சற்று நிறுத்துவார்கள். குளிர்காலத்தில், மெத்தை போர்த்திய மேஜைக்கடியில் கணப்பு வைத்து, அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்து செல்லும் வண்டியும் உண்டு. ஆனால் இந்த ரயிலை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. 2011-ல் அலை வந்து தண்டவாளங்களைச் சுருட்டியெறிந்த ஐந்தாம் நாள், மார்ச் 16-ந் தேதி, பிழைத்திருந்த ஒரு சிறு பகுதியில் இந்தக் கம்பெனி வண்டியை ஓட்டிவிட்டது. அந்த மாதம் முடியும் வரை டிக்கெட்டும் வாங்கவில்லை. பெட்ரோல் இல்லை, மோட்டார் இல்லை, உறவினரைத் தேட வழியில்லை என்று திகைத்திருந்த ஜனங்களுக்கு அந்த ஒற்றை வண்டியின் ஊதல் எவ்வளவு ஆறுதலாய் இருந்திருக்கும்! 2019 மார்ச்சில் முழுப் பாதையும் திறந்தார்கள். அக்டோபரில் ஒரு புயல் அதைச் சிதைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் மீண்டும் ஓட்டினார்கள்.

ஒரு மதகும் ஒரு மதிலும்

இந்தப் பாதையில் புதாய் என்னும் சிறு கிராமம் வருகிறது. வழிகாட்டிப் புத்தகங்களில் இதற்கு இரண்டு வரிதான் கிடைக்கும். ஆனால் இறங்கிப் பார்க்க வேண்டிய ஊர். 1896, 1933 ஆகிய இரண்டு அலைகளிலுமாக இங்கே 439 பேர் மாண்டனர். 1947-லிருந்து நாற்பது ஆண்டுகள் கிராமத் தலைவராக இருந்த வாமுரா கோதோகு என்பவர், முன்பு வந்த அலை 15 மீட்டர் உயரம் என்பதை மறக்கவில்லை. ஆற்றின் குறுக்கே 15.5 மீட்டர் உயரத்தில் ஒரு மதகு கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மூவாயிரம் பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு பெரிய மதகா, பணம் விரயம் என்று பலர் கடிந்தனர். 1984-ல் கட்டி முடித்தார். 1997-ல் காலமானார். 2011-ல் அலை மதகையும் தாண்டியது; ஆயினும் அதன் வேகம் அங்கேயே அடங்கிவிட்டது. அதற்கு வெளியேயிருந்த துறைமுகம் நாசமாயிற்று. உள்ளே இருந்த வீடுகள் தப்பின. தம் படகைப் பார்க்கப் போன ஒருவர் மட்டும் திரும்பவில்லை. பிறகு ஜனங்கள் அத்தலைவரின் சமாதிக்குச் சென்று வணங்கினார்களாம்.

அடுத்து தனோஹாதா. இங்கே கிதயாமஸாகி என்னும் இடத்தில் 200 மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவர்கள் எட்டுக் கிலோமீட்டர் தூரம் அணிவகுத்து நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஓர் அழகு. மீனவரின் சிறு படகில் பாறைக் குகைகளின் ஊடே புகுந்து செல்லும்போது வேறோர் அழகு.

இன்னும் தெற்கே தாரோ. 1896-ல் 1,859 பேரையும், 1933-ல் 911 பேரையும் இழந்த ஊர் இது. 1934-ல் மதில் கட்டத் தொடங்கினார்கள். காலப்போக்கில் அது 10 மீட்டர் உயரமும் 2,433 மீட்டர் நீளமும் உடையதாக வளர்ந்தது. சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிட்டு அதைப் பெருமையாகப் பேசினார்கள். வெளிநாடுகளிலிருந்து நிபுணர்கள் பார்க்க வந்தார்கள். 2011-ல் அலை அதையும் தாண்டிற்று. ஒரு பகுதி அடியோடு பெயர்ந்தது. 180-க்கு மேற்பட்டோர் இறந்தனர். மதில் இருக்கிறதென்ற நம்பிக்கையில் சிலர் புறப்படத் தாமதித்தனர். மதில் மறைத்ததனால் வரும் அலையைக் கண்ணால் காணவும் முடியவில்லை. கீழ் இரண்டு மாடிகள் வெறும் இரும்புத் தூண்களாக நிற்கும் தாரோ கான்கோ ஹோட்டலை இடிக்காமல் அப்படியே பாதுகாத்து வருகிறார்கள். உள்ளூர் வழிகாட்டிகள் பிரயாணிகளை ஆறாவது மாடிக்கு அழைத்துச் சென்று, அன்று அதே அறையிலிருந்து எடுத்த சலனப் படத்தைக் காட்டுகிறார்கள். அது வேறெங்கும் காட்டப்படுவதில்லை.

புதாயில் மதகு காத்தது. தாரோவில் மதில் காக்கவில்லை. ஆகவே உயரமாகக் கட்டினால் போதும் என்று முடிவு செய்துவிடலாமா? அவசரப்படாமல் இன்னும் சிறிது தூரம் போவோம்.

கல் சொன்ன வார்த்தை

மியாகோ நகரத்தில் ஜோதோகஹாமா என்னும் கரை இருக்கிறது. வெண்பாறைகள் கூர்கூராக நீரிலிருந்து எழும்பி, அவற்றின் மேல் பைன் மரங்கள் பசுமையாய்ப் படர்ந்து, நடுவே குளம்போல் தெளிந்த நீர். பதினேழாம் நூற்றாண்டில் இதைக் கண்ட ஒரு பௌத்தத் துறவி, அமிதாப புத்தரின் சுத்தபூமி இப்படித்தான் இருக்கும் என்று வியந்தாராம். அதுவே பெயராக நிலைத்தது. ஸன்ரிகு முழுவதிலும் ஓரிடம்தான் பார்க்க முடியும் என்றால் பலர் இதையே சொல்வார்கள்.

நான் சொல்வது வேறோர் இடம். மியாகோவைச் சேர்ந்த ஒமோயே தீபகற்பத்தில் அனேயோஷி என்ற குக்கிராமம். ரயில் போகாது, மோட்டார் வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும். 1896-ல் இவ்வூரில் பிழைத்தவர்கள் இருவர். கடலோரத்திலேயே மீண்டும் குடியேறினார்கள். 1933-ல் பிழைத்தவர்கள் நால்வர். அதற்குப் பிறகு மலைப்பாதையில் ஒரு கல்லை நட்டார்கள். உயரத்தில் வீடு கட்டினால் சந்ததி சுகமாயிருக்கும், இதற்குக் கீழே வீடு கட்டாதே என்பது அதில் செதுக்கியிருப்பதன் சாரம். 2011-ல் இந்தப் பள்ளத்தாக்கில் அலை ஏறிய உயரம் ஏறக்குறைய 40 மீட்டர். ஆனால் அது கல்லை எட்டவில்லை. கல்லுக்கு மேலேயிருந்த வீடுகளில் ஒன்றுகூடச் சேதமடையவில்லை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இத்தகைய கற்கள் ஸன்ரிகுக் கரையில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லா ஊரிலும் கல் நட்டார்கள். பல ஊர்களில் ஒரு தலைமுறைக்குப் பின் துறைமுகத்துக்கு அருகில் இருப்பது சௌகரியம் என்று கீழே இறங்கிவிட்டார்கள். அனேயோஷியாரோ தினமும் மலையேறி இறங்கும் சிரமத்தை எண்பது ஆண்டுகள் பொறுத்துக்கொண்டார்கள். கல் அவர்களைக் காக்கவில்லை. கல் சொன்னதைக் கேட்டது காத்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. 2004 டிசம்பர் 26-ந் தேதி வரை "சுனாமி" என்ற சொல்லை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அன்று காலை நாகப்பட்டினம் முதலிய கரைகளில் ஆயிரக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போன பின்னரே அது தமிழ்ச் சொல்லாயிற்று. கடற்கோள் என்ற பழஞ்சொல் நம்மிடம் இருந்தது. ஆனால் அது புத்தகத்தில் உறங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பள்ளிக்கூடங்கள்

மியாகோவிலிருந்து தெற்கே செல்கையில் ஓத்ஸுசி என்னும் ஊரில், குன்றின்மேல் ஒரு தோட்டத்தில் வெண்ணிறமான டெலிபோன் அறை நிற்கிறது. உள்ளேயிருக்கும் கருவியில் கம்பித் தொடர்பு இல்லை. இறந்தவர்களோடு பேச விரும்புவோர் அங்கே வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். "காற்று டெலிபோன்" என்று பெயர். அங்கே செல்கிறவர்கள் போட்டோ எடுக்கும் ஆவலைச் சற்று அடக்கிக்கொள்வது மரியாதை.

அடுத்தது கமாய்ஷி. உபாத்தியாயர் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்த நகரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு உரிமையுண்டு. இங்கே உனோஸுமாய் என்னும் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியும் ஒரு நடுநிலைப் பள்ளியும் அருகருகே இருந்தன. அரசாங்கத்தார் தயாரித்த படத்தில், அலை இந்தப் பள்ளிகள் வரை வராது என்று குறித்திருந்தது. ஆனால் கதாதா தோஷிதகா என்ற பேராசிரியர் பல ஆண்டுகளாக இந்நகரத்துக் குழந்தைகளுக்கு மூன்று பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்: படத்தை நம்பாதே, அந்த நேரத்தில் உன்னால் இயன்ற மட்டும் செய், மற்றவர்களுக்காகக் காத்திராமல் முதலில் நீ ஓடு.

பூமி அதிர்ந்ததும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் ஓடினார்கள். ஆரம்பப் பள்ளியில் முதலில் மூன்றாம் மாடிக்கு ஏறுவதாக இருந்தார்கள். பெரிய பிள்ளைகள் ஓடுவதைக் கண்டதும் தாங்களும் இறங்கி ஓடினார்கள். பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டனர். முதலில் சேர்ந்த இடம் போதாதென்று இன்னும் மேலே, அதுவும் போதாதென்று இன்னும் மேலே சென்றார்கள். ஏறக்குறைய அறுநூறு குழந்தைகள் தப்பினர். இரண்டு பள்ளிக்கூடங்களும் நீரில் மூழ்கின.

அதே உனோஸுமாயில் ஒரு பேரிடர்த் தடுப்பு நிலையம் இருந்தது. சுனாமியின்போது ஒதுங்கக் குறித்த இடம் அது அல்ல. ஆனால் குறித்த இடம் தூரம் என்பதால், ஒத்திகைகளை இங்கேயே நடத்துவது வழக்கமாகிவிட்டது. 2011-ல் ஜனங்கள் பழக்கப்பட்ட இடத்துக்கே வந்தார்கள். சுமார் 160 பேர் அங்கே மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று அவ்விடத்தில் ஒரு பிரார்த்தனைப் பூங்காவும், அருகே 2019-ல் திறந்த ஒரு காட்சிசாலையும் இருக்கின்றன. பள்ளிகள் இருந்த மனையில் ஒரு விளையாட்டரங்கம் கட்டினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, ரக்பி உலகக் கோப்பைப் பந்தயத்தில் பிஜியை உருகுவே தோற்கடித்தது இந்த மைதானத்தில்தான்.

கமாய்ஷியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு பள்ளி தெற்கே, மியாகி மாகாணத்து இஷினோமாகியில் இருக்கிறது. ஓகாவா ஆரம்பப் பள்ளி. கடலிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் உள்ளே, ஆற்றங்கரையில் இருந்தது. பின்னால் குன்று. பூகம்பத்துக்குப் பின் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் குழந்தைகளை மைதானத்தில் நிறுத்தி, எங்கே போவதென்று பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அலை ஆற்றின் வழியே வந்தது. 108 மாணவர்களில் 74 பேரும், 10 ஆசிரியர்களும் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். முன்கூட்டியே தக்க ஏற்பாடு செய்யாதது தவறு என்ற தீர்ப்பை 2019-ல் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான கோர்ட்டு உறுதி செய்தது. இடிந்த கட்டடம் 2021 ஜூலை முதல் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அந்தக் குன்றின் அடியில் நிற்கும் எந்த ஆசிரியனுக்கும் இறந்த ஆசிரியர்களைக் குறை கூற மனம் வராது. ஆனால், தன் பள்ளிக்கூடத்தின் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்த்து வைக்கத் தோன்றும்.

ஒற்றைப் பைனும் தீவுக் கூட்டமும்

இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ரிகுஸென்தகாதா இருக்கிறது. கமாய்ஷியிலிருந்து ஸகாரி வரை ரயில். அப்பால், பழைய தண்டவாளம் இருந்த பாதையில் பஸ் ஓடுகிறது. இவ்வூர்க் கடற்கரையில் 1667-லிருந்து நட்டு வளர்த்த சுமார் 70,000 பைன் மரங்களில், 2011-ல் ஒன்றே ஒன்று தப்பி நின்றது. உப்பு நீர் வேரை அழித்ததால் மறு ஆண்டு அதுவும் பட்டுப்போயிற்று. பட்ட மரத்தைப் பதப்படுத்தி, 27 மீட்டர் உயரத்தில் அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அருகே சுனாமிக் காட்சிசாலை. கரை நெடுகச் சுமார் 40,000 புதிய கன்றுகள். அவை நிழல் தரும் மரங்களாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். தெரிந்தேதான் நட்டிருக்கிறார்கள்.

பிரயாணத்தை மத்ஸுஷிமாவில் முடிக்கலாம். ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளுள் ஒன்று என்று பழங்காலம் தொட்டுப் பெயர் பெற்றது. அமைதியான குடாவில் 260-க்கு மேற்பட்ட சிறு தீவுகள், ஒவ்வொன்றிலும் பைன் மரங்கள். 1689-ல் இங்கே வந்த மகாகவி பாஷோ, அழகில் வாயடைத்துப்போய்த் தம் யாத்திரை நூலில் இவ்விடத்தைப் பற்றித் தம் கவிதை ஒன்றையும் சேர்க்கவில்லை. தாதே மஸமுனே என்னும் பிரபு 1609-ல் புதுப்பித்து முடித்த ஸுய்கான்ஜி ஆலயத்தை அவசியம் பார்க்க வேண்டும். 2011-ல் இத்தீவுகள் அலையின் வேகத்தைத் தணித்ததால் ஊருக்குச் சேதம் குறைவு. இங்கிருந்து ஸெண்டாய் வழியாக டோக்கியோ திரும்பலாம்.

சில நடைமுறை விஷயங்கள். பறவைகளைப் பார்க்க மே, ஜூன் மாதங்கள் ஏற்றவை. சைவ உணவினர் கையோடு ஏதேனும் கொண்டு செல்வது நலம். கடற்பாசிச் சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். கடலோரச் சாலையில், முன்பு அலை வந்த எல்லை இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று நீல நிறப் பலகைகள் இருக்கும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் அவற்றை எண்ணச் சொல்லலாம். விடுதியில் அறைக்குள் நுழைந்ததும், ஜன்னலுக்கு வெளியே கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன், மேட்டுக்குப் போகும் வழி எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூமி அதிர்ந்தால் பெட்டியை எடுக்க வேண்டாம், ஒருவரையொருவர் தேடவும் வேண்டாம். "தெந்தென்கோ" என்று அக்கரையோர் சொல்வார்கள். அவரவர் தம் காலை நம்பி ஓடுக என்பது பொருள். கேட்பதற்குக் கல் மனம் போலத் தோன்றும். ஆனால் நம் வீட்டார் ஏற்கெனவே ஓடியிருப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நாமும் ஓட முடியும். அந்த நம்பிக்கையை வீட்டில் உட்கார்ந்து முன்கூட்டியே பேசித்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.